50 வயது வின்டேஜ் போர்ட்: திறந்ததும் நாறினால் கெட்டுவிட்டதா?

கேட்டவர், ஜனவரி 4, மாலை 6.20

லண்டன் ஏலத்தில் வாங்கிய 1970 வின்டேஜ் போர்ட் (ஒரே ஆண்டு அறுவடையில் செய்து பாட்டிலிலேயே பல்லாண்டு பழுக்க விடும், சாராயம் சேர்த்த போர்ச்சுகல் இனிப்பு ஒயின்), இரண்டு பாட்டில். நேற்றுதான் கூரியரில் வந்தது. லேபிள் மட்கிப்போய் ஒரு விரற்கடைத் தாள்தான் மிச்சம். ஏலப் பட்டியலில் ஒயின் மட்டம் 'மேல்தோள்' (பாட்டிலின் தோள் வளைவின் மேல்பகுதி வரை) என்று போட்டிருந்தார்கள். எத்தனை மணி நேரம் முன்னால் திறக்க வேண்டும்? ஒருவர் அரை நாள் என்கிறார், இன்னொருவர் ஊற்றும்போது திறந்தால் போதும் என்கிறார். இன்னொன்று: போன வருடம் இதே வயதுப் பாட்டில் ஒன்று திறந்ததும் அழுகின முட்டை மாதிரி நாறியது. கழுவுதொட்டியில் கொட்டிவிட்டோம். அது கெட்டதுதானே?

பதில், ஜனவரி 4, இரவு 8.05

கொட்டியிருக்கக் கூடாது. அழுகின முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பல பத்தாண்டுகள் காற்றுப் படாமல் கிடந்த ஒயினில் கந்தகச் சேர்மங்கள் தேங்கி நிற்கும், திறந்ததும் மூக்கில் ஏறுவது அதுதான். பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிடும். ஓடாவிட்டால் ஒரு கிளாஸில் மட்டும் சுத்தமான செம்புத் துண்டைப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். நாற்றம் சட்டென்று குறைந்தால் ஒயினுக்கு ஒன்றும் ஆகவில்லை, காற்றுத்தான் தேவை. அந்தக் கிளாஸ் சோதனைக்கு மட்டும், குடிக்க வேண்டாம்.

பழைய போர்ட்டை முதல் வாயில் எடை போடவே கூடாது. திறந்த நொடியில் எப்படி இருக்கிறது என்பதைவிட, அடுத்த மூன்று நான்கு மணி நேரத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் அதன் நிலையைச் சொல்லும். ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா. உங்கள் இரண்டு நண்பர்களும் கடிகாரத்தைச் சொல்கிறார்கள், பாட்டிலைப் பார்த்துச் சொல்லவில்லை.

இப்போது பாட்டில் படுத்திருக்கிறதா, நிற்கிறதா? பழைய பாட்டில்களில் ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்பு அல்லது பெயின்ட் தீற்றல் இருக்கும். அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். மண்டி அதற்கு நேர் எதிர்ப்பக்கச் சுவரில் ஓடாகப் படிந்திருக்கும். 24 மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள், போதும்.

பதில், ஜனவரி 4, இரவு 8.25

மேலே 24 மணி நேரம் என்று எழுதியது தவறு. கூரியரில் வந்தது என்பதைக் கவனிக்கவில்லை. நிலவறையில் அசையாமல் கிடந்த பாட்டிலுக்கு ஒரு நாள், இரண்டு நாள் போதும். வண்டியில் குலுங்கி வந்ததில் அந்த ஓடு உடைந்து தூளாகியிருக்கும். பெரிய செதில்கள் ஒரே நாளில் இறங்கும், நுண்ணிய தூள் இறங்காது. இரண்டு வாரம் நிற்கட்டும், 12 முதல் 15 டிகிரி இருட்டில். அவசரப்பட்டால் வாயில் மணல் மாதிரி இருப்பதோடு நிற்காது, கசக்கும். அந்தக் கசப்பை ஒயின் மேல் எழுதிவிடுவீர்கள்.

மேல்தோள் மட்டம் இந்த வயதுக்குப் பயப்பட வேண்டிய விஷயமில்லை. தக்கை வழியாக அவ்வளவு போவது இயல்பு. நடுத்தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் காற்று உள்ளே நிறையப் போயிருக்கும். மட்டத்தைவிட முக்கியம் தக்கை இருக்கும் இடம். தக்கை வாய்க்கு மேலே துருத்தியிருந்தால், அல்லது உறைக்குக் கீழே பிசுபிசுவென்று கசிந்த தடம் இருந்தால், பாட்டில் எங்கோ வெப்பத்தில் இருந்திருக்கிறது.

கேட்டவர், ஜனவரி 5, காலை 7.50

வெள்ளைத் தீற்றல் இல்லை. டார்ச் அடித்தால் ஒரு பக்கம் நீளமாகக் கறுப்புக் கோடு தெரிகிறது, பாதி உதிர்ந்த மாதிரி. தக்கை உள்ளேதான் இருக்கிறது. ஈய உறை, அதில் எழுத்து எதுவும் இல்லை. நிமிர்த்தி வைத்துவிட்டேன். ஜனவரி 18 திறக்கிறோம். யாருடைய போர்ட் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில், ஜனவரி 5, காலை 10.10

தக்கையில். வின்டேஜ் போர்ட் தக்கையின் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் சுட்டு முத்திரையிடுவது வழக்கம். ஈரமான நிலவறையில் லேபிள் மட்கும் என்பது தெரிந்துதான் செய்தார்கள். ஆகவே தக்கையைத் துண்டு துண்டாக எடுத்தாலும் தூக்கிப் போடாமல் ஒரு தட்டில் வரிசையாக அடுக்குங்கள்.

இன்னொரு தடயம்: அறுவடை 1970 என்றால் பாட்டிலில் அடைத்தது பெரும்பாலும் 1972. அந்தக் காலத்தில் பீப்பாயாகவே இங்கிலாந்துக்கு அனுப்பி, அங்குள்ள வணிகர்கள் அடைத்ததும் உண்டு. 1975 அறுவடையிலிருந்துதான் எல்லாமே போர்ச்சுகலில் அடைக்கப்பட்டது. கழுத்தில் போர்ட் ஒயின் கழகத்தின் தாள் முத்திரை ஒட்டிய தடம் இருந்தால் போர்ச்சுகலில் அடைத்தது. வெறும் ஈய உறையும் முத்திரையின்மையும் இங்கிலாந்து அடைப்பைக் காட்டும், ஆனால் தாள் மட்கிப் போயிருக்கவும் கூடும். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

உறையை வாய்க்குக் கீழே ஒரு அங்குலம் விட்டு முழுதாக வெட்டி எடுங்கள். ஈய உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். ஈரத்துணியால் வாயின் உள்விளிம்பு வரை துடைத்த பிறகுதான் தக்கையைத் தொட வேண்டும். தக்கையின் தலையில் கறுப்பாகப் பூஞ்சை இருந்தால் நல்லதுதான், அறை ஈரமாக இருந்திருக்கிறது. அதற்கும் ஒயின் கெடுவதற்கும் சம்பந்தமில்லை.

தக்கை எடுப்பதில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள். பழைய போர்ட் பாட்டிலின் கழுத்து நடுவில் கொஞ்சம் புடைத்திருக்கும். தக்கையின் அடிப்பாகம் அந்தப் புடைப்புக்குள் ஊதி உட்கார்ந்துவிடும், மேலே வாயோ குறுகல். இழுத்தால் மேல்பாதி மட்டும் கையோடு வரும். சாதாரணத் திருகியை மட்டும் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். இரட்டை நாக்குக் கருவி தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்கும், ஆனால் தளர்ந்த தக்கையை உள்ளே தள்ளிவிடும். திருகியும் இரட்டை நாக்கும் சேர்ந்த டுராண்ட் மாதிரிக் கருவிதான் நம்பகமானது: முதலில் திருகியை நடுவில் நேராக இறக்கி, பிறகு நாக்குகளை ஆட்டி ஆட்டி இறக்கி, இரண்டையும் சேர்த்துத் திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். நேராக இழுத்தால் உடையும்.

மற்றொரு வாசகர், ஜனவரி 5, மதியம் 1.30

லேபிள் இல்லாத பாட்டிலுக்குப் போர்ட் இடுக்கியே சிறந்தது. இடுக்கியின் வளையத்தைச் செந்தணலாகக் காய்ச்சி, தக்கையின் அடிக்குக் கீழே கழுத்தைச் சுற்றிக் கவ்விப் பிடிக்க வேண்டும், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். எடுத்த உடனே பனிநீரில் நனைத்த துணியையோ தூரிகையையோ அதே இடத்தில் சுற்றினால் கழுத்து வட்டமாக விண்டுவிடும். தக்கை முழுதாக, முத்திரையோடு, கண்ணாடிக்குள்ளேயே வரும்.

பதில், ஜனவரி 5, மாலை 4.00

இதை நான் யோசிக்கவில்லை. அடையாளம் தெரிய வேண்டிய பாட்டிலுக்கு இடுக்கி சரியான வழி. ஆனால் சில நிபந்தனைகள். வளையம் தக்கைக்குக் கீழே இருக்க வேண்டும், தக்கை இருக்கும் உயரத்தில் வைத்தால் ஒழுங்காக விண்டுபோகாது. பாட்டில் 50 வருட ஈரத்தில் கிடந்ததால் கழுத்தை முதலில் நன்றாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும், ஊற்றும்போது கட்டாயம் மஸ்லின் துணியில் வடிகட்ட வேண்டும், கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது. முதல்முறை செய்பவர் வெறும் பாட்டிலில் இரண்டு மூன்று தடவை பழகிய பிறகு செய்யட்டும்.

பதில், ஜனவரி 9, இரவு 9.15

இறுத்தல் பற்றி. கஷாயத்தைத் தெளிய வைத்து இறுப்பது போலத்தான், கை நடுங்கக் கூடாது என்பது ஒன்றுதான் கூடுதல்.

குடுவையைச் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசி, தலைகீழாகக் கவிழ்த்துக் காய வைத்து, ஊற்றுவதற்கு முன் உள்ளே முகர்ந்து பாருங்கள். அலமாரி வாசனை இருந்தால் திரும்ப அலசுங்கள். மஸ்லின் துணியும் அப்படியே. துவைத்த வாசனை துளி இருந்தாலும் ஒயினில் ஏறும்.

பாட்டிலின் தோளுக்குக் கீழே விளக்கு. மெழுகுவர்த்தி அழகு, ஆனால் 1970 பாட்டிலின் கரும்பச்சைக் கண்ணாடியில் அந்த வெளிச்சம் ஊடுருவாது. சின்ன எல்.ஈ.டி. டார்ச்சை நிமிர்த்தி வைத்து, அதற்கு மேலே தோள் வரும்படி பிடியுங்கள். நிமிர்த்தி வைத்த இடத்திலிருந்து பாட்டிலைத் திருப்பாமல் எடுத்து, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் அலை திரும்பி அடி மண்டியைக் கிளப்பும். தோளில் புகை மாதிரி ஒரு நூல் கிளம்பும், அது வரும்போது மெதுவாக்குங்கள். கறுப்புத் திட்டு கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். 750 மி.லி.யில் 50 முதல் 75 மி.லி. பாட்டிலில் தங்கும்.

தங்கியதைத் தாள் வடிகட்டியில் வடித்துக் குடுவையில் சேர்க்காதீர்கள். தாளின் சுவை ஏறும், நுண்தூளும் கொஞ்சம் இறங்கும். தனிக் கிளாஸில் வைத்துக் குழம்புச் சாறுக்குப் போடலாம்.

பதில், ஜனவரி 10, காலை 8.30

நேரக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வயது கூடக் கூட நேரம் குறையும். 20 வயதுப் போர்ட்டுக்கு ஐந்தாறு மணி நேரமும் பத்தாது. 40, 50 வயதுக்கு இரண்டு முதல் நான்கு. 70 தாண்டியதை ஊற்றியவுடனே தொடங்கி, கூடவே இருந்து பார்ப்பதே நல்லது. இரவு 8 மணிக்கு விருந்து என்றால் நீங்கள் 5 மணிக்கு இறுங்கள். அப்போதே 30 மி.லி. ஊற்றிக் குறிப்பெழுதுங்கள். ஏற்கெனவே மணம் முழுதாக எழும்பி, நிறம் வெளிறி இருந்தால் குடுவையை மூடி குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். இறுக்கமாக, ஊமையாக இருந்தால் திறந்தே விடுங்கள்.

குறிப்பெழுத வேண்டிய நேரம்: இறுத்தவுடன், அரை மணி, ஒரு மணி, இரண்டு, மூன்று, நான்கு, மறுநாள் மாலை. கிளாஸ் துலிப் வடிவம், 50 மி.லி.க்கு மேல் ஊற்ற வேண்டாம். 20 சதவீதம் சாராயம் உள்ள ஒயின், நிறைய ஊற்றினால் மூக்கை அடைக்கும். வெப்பம் 16 முதல் 18 டிகிரி. பாலாடைக்கட்டி, சாக்லேட் எல்லாம் குறிப்பு முடிந்த பிறகு. உப்பும் கொழுப்பும் துவர்ப்பை மறைத்துவிடும், ஸ்டில்டன் பாலாடைக்கட்டியோடு சேர்த்தால் இறங்கிப்போன போர்ட்கூட வாலிபமாகத் தெரியும்.

துவர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கு நம்மிடம் நல்ல சொல்லும் வாயில் பழகிய அளவுகோலும் இருக்கிறது. ஐந்து வயது வின்டேஜ் போர்ட் கடுக்காயைக் கடித்த மாதிரி ஈறைப் பிடிக்கும். 50 வயதில் நன்றாகப் பழுத்த நாவற்பழத்தின் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும், நாக்கின் ஓரத்தில் மெல்லிய பிடி. துவர்ப்பே இல்லாமல் வெறும் இனிப்பு வழுக்கினால் எலும்பு போய்விட்டது. துவர்ப்பு மட்டும் நின்று பழம் போயிருந்தால் அது இனி சேராது.

மற்றொரு வாசகர், ஜனவரி 10, மாலை 5.45

வயதாக ஆக சர்க்கரையும் கரைந்து குறையும், அதனால்தான் பழைய போர்ட் உலர்வாக, அதாவது இனிப்புக் குறைவாக, இருக்கிறது என்பதையும் சேர்க்கலாம்.

பதில், ஜனவரி 10, இரவு 7.20

சர்க்கரை அப்படிக் குறைவதில்லை. நொதித்தல் பாதியில் இருக்கும்போதே 77 சதவீதத் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து நிறுத்துகிறார்கள், ஏறக்குறைய நான்கு பங்கு ஒயினுக்கு ஒரு பங்கு. ஈஸ்ட் செத்துவிடுவதால் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை மிச்சமாகிறது. மூடிய பாட்டிலில் அதைத் தின்ன எதுவும் இல்லை. குறைவது நிறப்பொருளும் துவர்ப்புப் பொருளும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னி, பருத்து, கனத்து, மண்டியாக இறங்குகின்றன. சாராயத்தோடு வரும் ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள் இந்தப் பின்னலுக்குத் துணை. பழச் சதை மெலிவதால் அதே சர்க்கரை நம் நாக்குக்கு உலர்வாகத் தோன்றுகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் பாணி வேறுபாடும் உண்டு: டௌ நிறுவனம் கொஞ்சம் உலர்வாகவே முடிக்கும், கிரஹாம் நிறுவனம் இனிப்பாக முடிக்கும். யார் போர்ட் என்று தெரியாமல் 'உலர்ந்துவிட்டது' என்று எழுதினால் பாணியைக் குறையாக எண்ணிவிடுவோம்.

கேட்டவர், ஜனவரி 18, மாலை 5.25

இடுக்கிக்குத் துணியவில்லை. டுராண்ட். தக்கை மூன்றில் இரண்டு பங்கில் முறிந்தது, அடித்துண்டை நாக்குகளால் எடுத்தோம். முத்திரையில் '70' தெளிவு, பெயரில் கடைசி மூன்று எழுத்து. இறுத்தோம், அடியில் ஒரு அங்குல மண்டி. நிறம் எதிர்பார்த்ததைவிட வெளிர்: நடுவில் செங்கல் சிவப்பு, விளிம்பில் பால் கலக்காத தேயிலைச் சாயம். மணம் சாக்கடை. கொட்டவில்லை.

பதில், ஜனவரி 18, மாலை 5.40

நிறம் சரிதான். இளமையில் மை மாதிரி கருநீலச் சிவப்பு, 20 வயதில் மாணிக்கச் சிவப்பு, 50-ல் செங்கல். முழுக்கப் பழுப்பாக, விளிம்பில் பச்சை மின்னினால் மட்டும் கவலை. வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து, நடுவின் சிவப்பு எவ்வளவு அகலம் என்று பாருங்கள்.

கேட்டவர், ஜனவரி 18, மாலை 6.30

சாக்கடை போய்விட்டது. இப்போது ஈரத்துணி மாதிரி ஒரு வாசனை. இது கார்க் நோய்தானா, தக்கையிலிருந்து ஒயினில் ஏறும் கெடுதல்?

பதில், ஜனவரி 18, மாலை 6.38

இப்போதே சொல்ல முடியாது. இரண்டு கிளாஸில் 30 மி.லி. ஊற்றுங்கள். ஒன்றில் பாலிஎத்திலீன் உறைத்தாளை உருட்டிப் போட்டுப் பத்து நிமிடம் அசையுங்கள். பி.வி.சி. தாள் வேண்டாம், அட்டையில் என்ன பிளாஸ்டிக் என்று படித்துப் பாருங்கள். கார்க் நோய்க்குக் காரணமான டிரைக்குளோரோஅனிசோல் பாலிஎத்திலீனில் ஒட்டிக்கொள்ளும். தாள் போட்ட கிளாஸ் மட்டும் தெளிந்து பழ வாசனை எழுந்தால் அது கார்க் நோய். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பழைய தக்கையின் வாடை, காற்றில் போகும்.

காலமும் காட்டிக்கொடுக்கும். கார்க் நோய் நேரமாக ஆகத் தெளிவாகும், நனைந்த அட்டைப்பெட்டி, பழம் அடியோடு காணாமல் போகும். நகப்பூச்சு வாடை எத்தில் அசிட்டேட், வினிகர் பக்கத்து உறவு. அது போகாது, ஆனால் துளியளவு இருந்தால் பழைய போர்ட்டில் பொறுத்துக்கொள்ளலாம், மணத்தைத் தூக்கிக்கூடக் கொடுக்கும். அடிபட்ட ஆப்பிள் வாடை என்றால் காற்றேறியது. வெந்த கத்தரித் தோல் மாதிரியோ கொதித்த ஜாம் மாதிரியோ இருந்தால் சூட்டில் கிடந்தது. இவை இரண்டுக்கும் வைத்தியம் இல்லை.

கேட்டவர், ஜனவரி 18, இரவு 7.35

இரண்டு கிளாஸும் ஒரே மாதிரி. இப்போது ஈரத்துணியும் இல்லை. ஆரஞ்சுத் தோல், உலர் அத்தி, கறுப்புத் தேயிலை, பின்னால் கிராம்பு. ஆனால் விழுங்கும்போது சாராயம் தொண்டையைச் சுடுகிறது.

பதில், ஜனவரி 18, இரவு 7.40

கிளாஸின் வெப்பம் என்ன? 22 என்றால் குடுவையைக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் வைத்து 16-க்குக் கொண்டுவாருங்கள். அப்புறம்தான் சாராயம் தனியாக நிற்கிறதா என்று எழுத வேண்டும்.

கேட்டவர், ஜனவரி 18, இரவு 8.50

23 இருந்தது. 16-க்கு வந்ததும் சூடு அடங்கிவிட்டது. துவர்ப்பு நாவற்பழ அளவே. கருப்பட்டி, ஏலம், கொஞ்சம் தேவதாரு. விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் நிற்கிறது. 5.25-க்குக் கொட்டியிருந்தால் இது எதுவுமே தெரிந்திருக்காது.

கேட்டவர், ஜனவரி 19, மாலை 6.00

100 மி.லி. மிச்சம் வைத்தோம். தேயிலையும் ஆரஞ்சும் இருக்கிறது, பழம் மெலிந்துவிட்டது. 16 டிகிரியிலேயே சாராயம் கொஞ்சம் தனியாகத் தெரிகிறது. மதிப்பெண் போடலாமா?

பதில், ஜனவரி 19, இரவு 8.10

எண்ணைவிட இந்தக் கோட்டை எழுதி வையுங்கள்: மூன்றரை மணி நேரத்தில் உச்சம், 24 மணி நேரத்தில் இறக்கம். 50 வயதுக்கு இது நல்ல உடல்நிலை. மறுநாளும் அசையாமல் நின்றிருந்தால் இன்னும் பல வருடம் வைக்கலாம் என்பேன். இது சரிவின் தொடக்கத்தில் இருக்கிறது, பழத்தின் வலு போகத் தொடங்கிச் சாராயம் வெளியே வர ஆரம்பித்திருக்கிறது. ஒரு எச்சரிக்கை: இந்த வயதில் ஒரே பெட்டியின் இரண்டு பாட்டில்கூட ஒன்றாக இருக்காது, தக்கைக்குத் தக்கை மாறும்.

அடுத்த பாட்டிலை நான்கைந்து வருடத்துக்குள் திறந்துவிடுங்கள். இப்போது திரும்பப் படுக்க வையுங்கள், கறுப்புக் கோடு இருக்கும் பக்கம் கீழே. மேல்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். இந்தத் தக்கைத் துண்டுகளை ஒரு உறையில் போட்டு அந்த இரண்டாவது பாட்டிலின் கழுத்தில் கட்டி வையுங்கள். இரண்டாவது பாட்டிலின் தக்கையில் பெயரின் முன்பாதி எழுத்து தெளிவாக வந்தால் பெயர் முழுதாகிவிடும்.